திருமலையின் பொன் பல்லி

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோர், அங்குள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்காமல் திரும்புவதில்லை. காஞ்சிக்கு வடக்கே, திருப்பதியை ஒட்டிய சேஷாசல மலைகளில், உயிருள்ள பொன் பல்லியே வாழ்கிறது என்பதைப் பலர் அறியார்.

1870-ஆம் ஆண்டில் இப்பல்லியை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தியவர், சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம். அந்நாளில் இம்மலைகள் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் உருவாயிற்று. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதிகம் பேசப்படாதிருந்த இவ்வுயிரினம், 1980-களில் திருமலைப் பகுதியில் மீண்டும் ஆய்வாளர்களின் கவனத்திற்கு வந்தது. பின்னர் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வேறு சில இடங்களிலும், தமிழகத்தின் வேலூர்ப் பகுதியிலும் காணப்பட்டது. இப்பேரினத்தில் உலகில் இரண்டே இனங்கள் உள்ளன. மற்றொன்று இலங்கையின் பாறைக் குகைகளில் வாழ்கிறது.

ஆண் பல்லியின் உடல் பொன்மஞ்சளாய் ஒளிரும். பெண்ணும் குஞ்சும் மங்கிய பழுப்பு நிறத்தன. பகலில் பாறை இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் பூச்சிகளைத் தேடி வெளிவரும். ஓடைகள் பாயும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில், நிழலும் ஈரமும் நிறைந்த பெரும்பாறைகளே இதன் வீடு. பல பெண் பல்லிகள் ஒரே பாறையில் முட்டைகளை ஒட்டி வைக்கின்றன. ஒட்டிய முட்டையை வேறிடத்திற்கு நகர்த்த இயலாது. ஆகவே, ஒரு பாறை உடைக்கப்பட்டால் பல குடும்பங்களின் அடுத்த தலைமுறை ஒரே நாளில் அழியும்.

வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள இப்பல்லியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கோடைத் தீ ஓயாத அச்சமாகவே உள்ளது. 2014 மார்ச்சில் திருமலைக் காடுகளில் பரவிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன.

நடைபாதையில் மலையேறும் பக்தரும், தலகோனா அருவியைக் காணச் செல்லும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவை எளியவை. காட்டில் அடுப்பு மூட்டாதீர்கள், புகைத்த துண்டுகளை வீசாதீர்கள், பாறைகளைப் புரட்டாதீர்கள், கொண்டு சென்ற நெகிழிப் பைகளைத் திரும்ப எடுத்து வாருங்கள். ஓடைக்கரைப் பாறைகள் குலையாமல் இருக்கும்வரை, இந்தப் பொன்னும் அங்கே இருக்கும்.