மானாவாரி வருமானமும் மாதத் தவணைக் காரும்

“வெம்பக்கோட்டை பக்கம் 4 ஏக்கர் கரிசல் மானாவாரி. வீட்டில் ஏழு பேர். இடம் விற்ற பணம் கொஞ்சம் இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கி பெரிய எஸ்.யூ.வி. கார் எடுக்கலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பலருக்கும் இருக்கும் கேள்விதான். இரண்டு பக்கத்தையும் பார்ப்போம்.

சாதகங்கள்

இருக்கன்குடி கோயிலோ, மதுரை ஆஸ்பத்திரியோ, குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் போகலாம். தரை இடைவெளி அதிகம் என்பதால் வண்டிப்பாதையில் அடிபடாது. உடம்பும் உறுதியானது.

பாதகங்கள்

* ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். கனமான வண்டி இன்னும் ஆழமாகப் புதையும். பல எஸ்.யூ.வி.களில் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே இழுவை உண்டு.

* 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் புகை வடிகட்டி இருக்கிறது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் அதில் கரி அடைக்கும். இடையிடையே நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும்.

* சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு விடக்கூடாது. தீபாவளி சமயத்தில் விற்பனைக்கான பட்டாசுப் பெட்டிகளை அதில் ஏற்றவே கூடாது. உயிருக்கே ஆபத்து; காப்பீடும் கைகொடுக்காது.

கணக்கு

10 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 7 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 16,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது சுமார் 13.7 லட்சம் ஆகியிருக்கும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடி, டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 7.70 ரூபாய் எரிபொருளுக்கே போய்விடும். காப்பீடு, டயர், சர்வீஸ் தனி.

டிராக்டர் கடனை அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வழி உண்டு. கார் கடனுக்குப் பெரும்பாலும் மாதாமாதம் கட்ட வேண்டும். மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் மாதாமாதம் பணம் தராது. மழை பொய்த்தால் நகையை அடகு வைத்துத்தான் தவணை கட்ட நேரிடும். பயிருக்கு வாங்கிய கடனை எக்காரணம் கொண்டும் காரில் போடாதீர்கள்.

என் யோசனை

சம்பளமோ கடை வருமானமோ மாதாமாதம் வந்து, அதில் தவணை அடங்கினால் மட்டும் கார் வாங்குங்கள். அப்போதும் 4 மீட்டருக்கு உட்பட்ட ஏழு இருக்கை டீசல் வண்டி போதும். பொலிரோ அந்த வகைதான். 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பார்ச்சூனர் போன்ற பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம்.

விவசாய வருமானம் மட்டும் என்றால், வேண்டும்போது வாடகைக் கார் பிடியுங்கள். மூட்டை ஏற்ற குட்டி யானை இருக்கிறது. கையில் உள்ள பணத்தில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்றுடன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: ஆறு மாதம் தவணைத் தொகையைத் தனியாக வங்கியில் போட்டு வாருங்கள். ஒரு மாதம்கூடத் தவறாமல் போட முடிந்தால், கடன் வாங்குவது பற்றி யோசிக்கலாம்.