உங்களுக்குத் தெரியுமா? கருவிலேயே தொடங்கிவிடும் பி.பி. கணக்கு!

ஐம்பது வயதில் பி.பி. வந்தால் ஊறுகாயைத் திட்டுகிறோம், அப்பளத்தைத் திட்டுகிறோம். பிறந்தபோது நீங்கள் எத்தனை கிலோ? தெரியாதல்லவா? அதிலும் இருக்கிறது சூட்சுமம்!

இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்று ஒரு நகரம். 1935 முதல் 1943 வரை அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தையை எடை போட்டதோடு விடவில்லை. நஞ்சையும், அதாவது நஞ்சுக்கொடியையும், தராசில் வைத்து எழுதி வைத்தார்கள்!

அந்தப் பதிவேடு டேவிட் பார்க்கர் என்ற டாக்டரின் கையில் சிக்கியது. அதில் இருந்தவர்களில் 449 பேரைத் தேடிப் பிடித்து பி.பி. பார்த்துவிட்டார்கள். ‘குழந்தைகளுக்கு’ அப்போது வயது 46 முதல் 54!

பிறக்கும்போது இரண்டரை கிலோவைத் தாண்டாதவர்கள் ஒரு பக்கம். சுமார் 3.4 கிலோவுக்கு மேல் கொழுகொழுவென்று பிறந்தவர்கள் மறுபக்கம். சிறுத்துப் பிறந்தவர்களுக்கு மேல் பி.பி. 11 புள்ளி அதிகம்!

இன்னும் கேளுங்கள். நஞ்சு கனமாக இருந்தவர்களுக்கு பி.பி. 15 புள்ளி வரை அதிகம். குழந்தை சிறிசு, நஞ்சு பெரிசு என்றால் தொலைந்தது... பட்டியலில் முதலிடம் அவர்களுக்குத்தான்! உடல் பருமன், குடி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் கணக்கு மாறவில்லை. 1990-ல் இது வெளியானது.

ஏன் இப்படி? கருவில் இருக்கும் குழந்தைக்கு ரத்தம் போதவில்லையா? முதல் பந்தி மூளைக்கு! சிறுநீரகமெல்லாம் கடைசிப் பந்திக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தச் சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் இருக்கின்றனவே, அவற்றின் உற்பத்தி கர்ப்பத்தின் 36-வது வாரத்தோடு நின்றுவிடும். அப்புறம் நூறு வயது வாழ்ந்தாலும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது!

பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால், ஒரு சிறுநீரகத்தில் எத்தனை வடிகட்டிகள் கூடும்? அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 2,57,000!

ஜெர்மனியில் விபத்தில் இறந்த 20 பேரின் சிறுநீரகத்தை ஆராய்ந்தார்கள். 10 பேர் பி.பி.க்காரர்கள், 10 பேர் பி.பி. இல்லாதவர்கள். பி.பி. இல்லாதவர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் 14,29,200 வடிகட்டிகள். பி.பி.க்காரர்களுக்கு? வெறும் 7,02,379. பாதிதான்! 2003-ல் வந்த இந்த இரண்டு எண்களை நான் எத்தனை பேரிடம் சொல்லி அசத்தியிருக்கிறேன் தெரியுமா!

நஞ்சுக்குள் ஒரு காவல்கார என்சைம் உண்டு. அம்மாவின் உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குழந்தையிடம் போகாமல் மடக்குவதுதான் அதன் வேலை. மருந்து கொடுத்து அந்தக் காவலை முடக்கினார்கள், கர்ப்பிணி எலிகளில். குட்டிகள் சிறுத்துப் பிறந்தன. வளர்ந்ததும் பி.பி. எகிறியது!

அதே காவல்காரனை முடக்கும் சரக்கு நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. ஆமாம், நம் அதிமதுரம்! அதிலுள்ள கிளைசிரைசின் செய்யும் வேலை இது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இன்னும் எளிதாக முடித்தார்கள். கர்ப்பிணி எலிகளின் தீனியில் புரதத்தைப் பாதியாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். குட்டிகளுக்கு பி.பி.!

தமனியிலும் சிறுநீரகத்தின் கதைதான். பெருந்தமனி ரப்பர் போல விரிந்து சுருங்க எலாஸ்டின் என்ற புரதம் வேண்டும். அதன் பெரும்பகுதி கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலுமே தயாராகிவிடும். அதற்குப் பிறகு? கிட்டத்தட்ட கடை மூடியாயிற்று!

பி.பி. மட்டுமா, மாரடைப்பும் அப்படித்தான்! இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் நர்சுகள் 1911-லிருந்து வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போட்டார்கள். அந்தப் பதிவேடுகளிலிருந்து பார்க்கர் குழு தேடிக் கண்டுபிடித்த ஆண்கள் மட்டுமே 5,654 பேர்! சிறிய குழந்தைகளாக இருந்தவர்களிடையே மாரடைப்புச் சாவு அதிகம் என்று 1989-ல் சொன்னார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே மைசூரிலும் இப்படி ஒரு பொக்கிஷம்! ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில் 1934 முதலான பிரசவப் பதிவேடுகள் பத்திரமாக இருந்தன. அவற்றில் இருந்தவர்களைப் பெரியவர்களானபின் பரிசோதித்தால், இரண்டரை கிலோவுக்குள் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். மூன்று கிலோவுக்கு மேல் நன்றாக வளர்ந்து பிறந்தவர்களில் 3 சதவீதம்தான்!

ஒன்றை மறைத்தால் டாக்டர்கள் சண்டைக்கு வருவார்கள். 80 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2000-ம் ஆண்டுக் கணக்குப்படி, பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் மேல் பி.பி. குறைவது சராசரியாக 2 புள்ளிதான். ஆளைப் பொறுத்தவரை சின்ன எண்!

ஆனால் 2020-ல் மட்டும் உலகில் இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகள் எத்தனை? 1 கோடியே 98 லட்சம்!