மலையூருக்கு இரண்டு இன்ஹேலர்

ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர்கள் இரு வகை. பியூடெசோனைடு, பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணித்து, இழுப்பு வராமல் தடுக்கின்றன. சால்பியூட்டமால், இறுகிய குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கிறது. அதன் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். தடுப்பு மருந்தை நாள் தவறாமல் எடுத்தாலும் நல்ல பலன் தெரிய ஓரிரு வாரமாவது ஆகும். எடுத்த உடனே எதுவும் தெரியாததால் அதைப் பாதியில் விட்டு, உடனடி சுகம் தரும் மருந்தையே பலர் நம்புகிறார்கள். உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே போகிறது.

ஜவ்வாது மலையில் இந்தத் தவறு உயிருக்கே உலை வைக்கும். மார்கழிக் குளிர், விறகடுப்புப் புகை, சாமை அடிக்கையில் எழும் தூசு எல்லாமே இழுப்பைத் தூண்டக்கூடியவை. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்க்காரர்கள் பெரிய மருத்துவமனைக்குப் போக மலைப்பாதையில் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்கியாக வேண்டும். நள்ளிரவில் அது சின்னப் பயணமல்ல. அதனால் சமவெளியில் இருப்பவரைவிட இவர்களுக்கே தடுப்பு இன்ஹேலர் அதிகம் தேவை.

பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சால்பியூட்டமாலைத் தனி மருந்தாகத் தரக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா 2019-இல் அறிவித்தது. 200 அழுத்து கொண்ட சால்பியூட்டமால் குப்பி ஆண்டுக்கு மூன்று காலியானாலே கடும் தாக்குதலுக்கான வாய்ப்பு கூடிவிட்டது என்று பொருள்.

தடுப்பு மருந்தையும் சால்பியூட்டமாலையும் ஒரே நாளில் எடுப்பதில் ஆபத்தில்லை. ஸ்டீராய்டு என்ற சொல் கிளப்பும் பயமும் பெரும்பாலும் வீண். மாத்திரை மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கு. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் குரல் கம்முவதும் குறையும். எது எந்த மருந்து என்று அறியக் குப்பியின் நிறத்தை நம்பக்கூடாது, மருந்தின் பெயரைப் பார்க்க வேண்டும். பியூடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலர், மருத்துவர் சொன்னால் இரண்டு வேலைக்கும் பயன்படும். சால்மெட்டெரால் கலந்ததை அவசரத்துக்கு எடுக்கக்கூடாது.

குப்பி இன்ஹேலரை ஸ்பேசர் எனும் இடைக்குழாய் வழியாக எடுத்தால் மருந்து தொண்டையில் தங்காமல் நுரையீரலுக்குப் போகும். கேப்சூலிலுள்ள பொடியை உறிஞ்சும் இன்ஹேலருக்கு ஸ்பேசர் கூடாது. வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். அந்தக் கேப்சூலை விழுங்குவதால் பயனில்லை.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ, சால்பியூட்டமால் எடுத்தும் சீக்கிரமே இழுப்பு திரும்பினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாகச் சால்பியூட்டமாலை ஒவ்வோர் அழுத்தாக, அரை நிமிடம் முதல் ஒரு நிமிட இடைவெளியில் பத்து வரை தரலாம். வண்டி மலையேறி வர நேரமாகும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.