இருபது கிலோ கண்ணாடியும் ஒரு சிட்டிகைத் தூளும்

"இருபது கிலோ கண்ணாடி மாட்டணும், அதைத் தாங்குற ஸ்க்ரூவா கொடுங்கண்ணே" என்று ஹார்டுவேர் கடையில் கேட்டுப் பாருங்கள். தொழில் தெரிந்த கடைக்காரர் உடனே டப்பாவைத் திறக்க மாட்டார். "என்ன சுவரு தம்பி? செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, இல்ல அந்த வெள்ளைக் கல்லா?" என்பார். எடையைச் சொன்னவரிடம் சுவரை விசாரிக்கிறாரே என்று தோன்றும். இயற்பியல் அவர் பக்கம்தான் இருக்கிறது.

முதலில் எடை. கண்ணாடியைத் தராசில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டரை கிலோ. நான்கடிக்கு மூன்றடி, 5 மி.மீ. தடிமன் என்றால் ஏறக்குறைய 14 கிலோ. முதுகில் அடித்த பிளைவுட்டும் தேக்குச் சட்டமும் சேர்ந்தால் இருபதைத் தொட்டுவிடும். பலகை, தங்கத்தாள், கல், கண்ணாடி, கனத்த சட்டம் என்று அடுக்கடுக்காக வரும் பெரிய தஞ்சாவூர் ஓவியமும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இனி திருகு. 5 மி.மீ. எஃகுத் திருகு ஒன்றைக் குறுக்காக அறுத்துத் தள்ள 200 கிலோவுக்குக் குறையாத எடை வேண்டும். ஆக, இருபது கிலோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிறகு ஏன் கண்ணாடிகள் விழுகின்றன? விழுந்த இடத்தைப் பார்த்தால் தெரியும். திருகு முழுசாக, பிளக்கோடு சேர்ந்து தரையில் கிடக்கும். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. எஃகு உடையவில்லை, சுவர் விட்டுக்கொடுத்திருக்கிறது.

எந்தத் திசையில் விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் சுவாரசியம். கனமான படம் ஆணியைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் என்று நாம் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் வேறு கதை. நான்கடி உயரக் கண்ணாடி சுவரோடு ஒட்டித் தொங்குகிறது. அதன் எடைமையம் சுவரிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி இருக்கிறது, கீழ் விளிம்பு சுவரில் சாய்ந்திருக்கிறது. அப்போது மேலே உள்ள திருகை வெளியே இழுக்கும் விசை 400 கிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மீதி எல்லாம் நேர்கீழே இறங்கும் சுமை. அதே 20 கிலோவை ஓரடி ஆழமுள்ள அலமாரிப் பலகையில் வைத்து, அரையடி உயரத் தாங்கியில் நிறுத்துங்கள். மேல் திருகுகளை வெளியே இழுக்கும் விசை 20 கிலோ ஆகிவிடும். எடை மாறவில்லை, இழுவை ஏறத்தாழ 50 மடங்கு. "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்டுவிட்டு எங்கே, எப்படி மாட்டப் போகிறோம் என்று சொல்லாமல் விடுவது பாதிக் கேள்விதான்.

பழைய வீடுகளின் கூடத்தில் படங்களை முன்சாய்த்து மாட்டியிருப்பார்கள். கீழே இரண்டு முளைகள், மேலே ஒரு கயிறு. அழகுக்காக மட்டும் செய்ததாகத் தெரியவில்லை. சுமையைக் கீழ் முளைகள் வாங்கிக்கொள்கின்றன. கயிற்றின் வேலை படம் கவிழாமல் பிடிப்பது. நம் கண்ணாடியையே 15 பாகை சாய்த்தாலும் மேல் கயிற்றுக்கு வருவது மூன்று கிலோவுக்குள்தான். இப்படி வேலையைப் பிரித்துக் கொடுத்த அந்தக் காலத்துக் கொத்தனார் திரிகோண கணிதம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இன்று நாம் செய்வது நேர்மாறு. சட்டத்தின் முதுகில் இரண்டு வளையம், நடுவே ஒரு கம்பி, கம்பி வெளியே தெரியக் கூடாதென்று இழுத்து விறைப்பாக ஒரு கட்டு. இதில்தான் வினை. துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்வாக இருந்தால் ஈரப் போர்வையையும் தாங்கும். விறைத்துக் கட்டினால் ஒரு வேட்டிக்கே முளையைப் பிடுங்கிக்கொண்டு வரும். இருபது கிலோ கண்ணாடியில் கம்பி கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் இறங்கினால், ஒவ்வொரு பக்கமும் பதினொன்றரை கிலோ இழுவை. 30 பாகையில் அது 20 கிலோ. 10 பாகையில் கிட்டத்தட்ட 58. ஐந்து பாகைக்கு வந்தால் 115 கிலோ! கம்பி துளியும் தொய்யாமல் நேராக நிற்க வேண்டுமென்றால் முடிவிலா விசை தேவை. இயற்கை அதைக் கொடுப்பதில்லை. இந்த இழுவை முழுவதும் சட்டத்தில் திருகிய அந்த இரண்டு சின்ன வளையங்களில் விழுகிறது. சட்டத்தின் இரு பக்கங்களையும் உள்நோக்கி நெரித்து, மூலை இணைப்புகளையும் தளர்த்துகிறது. கனமான எதற்கும் கம்பியே வேண்டாம் என்பது என் கட்சி. வளையத்துக்கு ஒரு திருகு வீதம் சுவரில் இரண்டு திருகுகள், ரசமட்டம் பார்த்து. ஒன்று நூலளவு மேலே போனாலும் சுமை முழுக்க அதன் தலையில் விழும் என்பதால், ஒவ்வொன்றும் தனியாகவே மொத்த எடையையும் தாங்கும்படி இருக்க வேண்டும்.

சுவருக்குள் என்ன நடக்கிறது? ஒரு காலத்தில் திருகு மாட்ட, உளியால் சதுரக் குழி வெட்டி, மரக்கட்டையை அறைந்து, அதில்தான் முடுக்குவார்கள். சுவர் காயப்படும், கட்டை காய்ந்து சுருங்கினால் கழன்றுகொள்ளும். இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராவ்லிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரருக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாரச் சாமான்களைப் பொருத்தும் வேலை வந்தது. சுவரை அலங்கோலப்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. சணல் நாரை விலங்கு இரத்தத்தால் இறுக்கிச் சின்னக் குழாயாக்கினார். சிறு துளையில் அதைச் செருகித் திருகை முடுக்கினால் நார் விரிந்து கல்லைக் கவ்விக்கொண்டது. 1911-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். நம்மூர் எலக்ட்ரீஷியன்கள் இன்றும் 'ராவல் பிளக்' என்பது அவர் பெயரைத்தான். 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் நைலானில் அதைச் செய்தார். நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், உடம்பில் ரம்பப்பல், துளைக்குள் சேர்ந்து சுழலாமலிருக்க இரண்டு சிறு காதுகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற மனிதர். எனக்கு இந்தச் சாம்பல் நிறத் துண்டுதான் அவற்றில் பெரிதாகப் படுகிறது.

அதைப் பிடித்து வைத்திருப்பது பசையும் இல்லை, மரையும் இல்லை. வெறும் உராய்வு. திருகு நுழைய நுழைய நைலான் பக்கவாட்டில் விரிந்து துளைச் சுவரை அழுத்துகிறது. அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு பிடி. இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் தாமாக வரும். துளைக்குள் தூள் தங்கினால் பிளக் கல்லைத் தொடாமல் தூளில் வழுக்கும். ஆகவே ஊதி எடுக்க வேண்டும் (கண்ணை மூடிக்கொண்டு). திருகு பிளக்கின் நுனியைத் தாண்டி வெளியே வர வேண்டும். இல்லையென்றால் விரிய வேண்டிய பகுதி விரியாது. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. துளைதான். 8 மி.மீ. பிட்டால் போட்டுவிட்டுத் தீக்குச்சி செருகி இறுக்கும் வித்தை சுவர்க் கடிகாரத்தோடு நிற்கட்டும்.

பூச்சைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் பலர் சறுக்கும் இடம். உள்சுவரில் சிமெண்ட் பூச்சு 12 முதல் 15 மி.மீ.; சுவர் கோணலாக இருந்தால் 20-ம் இருக்கும். 30 மி.மீ. நீளமுள்ள சின்ன பிளக்கில் ஏறக்குறைய பாதி, சில சமயம் அதற்கு மேலும், பூச்சிலேயே உட்கார்ந்துவிடும். பூச்சு அழுத்தத்தில் நொறுங்கும், நொறுங்கினால் திருகின் தாங்கலற்ற நீளம் கூடும், நெம்புகோல் நீள்கிறது. அறுபட 200 கிலோ கேட்ட அதே திருகு வளைந்து தொங்க 20 கிலோவே போதுமாகிவிடும். ஆகவே பிளக்கைப் பூச்சு தாண்டி உள்ளே தள்ளுங்கள், திருகு நீளமாகவே இருக்கட்டும், தலை சுவரோடு ஒட்டி நிற்கட்டும்.

பூச்சு எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? துளை போடும்போது கீழே ஒரு வெள்ளைத் தாளை மடித்து ஒட்டிவிட்டு, விழும் தூளைப் பாருங்கள். முதலில் பட்டியின் வெள்ளை, அடுத்து சிமெண்ட்டின் சாம்பல். பிறகு திடீரென்று செம்மண் நிறம் கொட்டத் தொடங்கினால் பிட் செங்கல்லைத் தொட்டுவிட்டது. அங்கிருந்து பிளக்கின் முழு நீளமும், தூளுக்கென்று இன்னொரு சென்டிமீட்டரும் போங்கள். சாம்பல் மாறாமல் பிட் முன்னேற மறுத்துச் சூடேறினால் அது கான்கிரீட் தூண் அல்லது உத்தரம்: துளைப்பது பாடு, பிடிப்போ அபாரம். பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக்கின் பொந்து. அங்கே விரிந்து அழுத்த எதிரே ஒன்றும் இல்லை; வெற்றிடத்துக்குள் போய் முடிச்சாகச் சுருண்டு, ஓட்டின் பின்பக்கம் மாட்டிக்கொள்ளும் வகை பிளக் வேண்டும்.

தூள் வெள்ளையாக, மாவாக, முயற்சியே இல்லாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் அது கடைக்காரர் சொன்ன வெள்ளைக் கல், ஏ.ஏ.சி. பிளாக். 1920-களில் ஸ்வீடனின் ஆக்ஸல் எரிக்ஸன் உருவாக்கியது. சுண்ணாம்புக் கலவையில் சிட்டிகை அலுமினியப் பொடியைப் போட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். கலவை பொங்கி எழும். பிறகு உயர் அழுத்த நீராவியில் வேகவைத்துக் கல்லாக்குகிறார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கு வெற்றிடம். செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அடுக்குமாடி கட்டுபவருக்கு வரம், படம் மாட்டுபவருக்குச் சோதனை. சாதாரண பிளக் விரிந்தால் குமிழிகள் நசுங்கிக் கொடுத்துவிடும், பிடி வராது. சுருள் இறகுகள் கொண்ட நீளமான பிளக்கைத்தான் இதற்கு விற்கிறார்கள். துளை போடும்போது மெஷினின் ஹேமர் விசையை அணைத்துவிட வேண்டும். ஹாலோ பிளாக்குக்கும் அப்படியே.

ஜிப்சம் தடுப்புகளில் பலகை 12.5 மி.மீ.தான். பின்னால் ஓடும் உலோகச் சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் பலகைக்குப் பின்னால் சிறகு விரிக்கும் போல்ட். ஒட்டும் கொக்கிகளைப் பற்றி ஒரே வரி: அது பெயிண்டில் ஒட்டுகிறது, பெயிண்ட் பட்டியில் ஒட்டியிருக்கிறது, பட்டி பூச்சில் ஒட்டியிருக்கிறது, இவற்றில் எது பலவீனமோ அதுதான் உங்கள் கொக்கியின் பலம்.

துளைக்கு முன் சுவிட்ச் போர்டு எங்கே என்று பாருங்கள். அதற்கு நேர்மேலேயும் நேர்கீழேயும் வயர் குழாய் ஓடும். அந்தப் பட்டையில் கை வைக்காதீர்கள்.

நிஜமாகவே கனமான சட்டத்துக்கு ஆசாரியிடம் ஒரு வேலை சொல்லலாம். ஒரு தேக்கு ரீப்பரை நீளவாக்கில் 45 பாகைச் சரிவாக இரண்டாக அறுத்து, ஒன்றைச் சுவரிலும் மற்றதைச் சட்டத்தின் முதுகிலும் திருகச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்போது எடையே சட்டத்தைச் சுவரை நோக்கி இழுக்கும்; சுமை ஒரு புள்ளியில் விழாமல் நான்கைந்து திருகுகளுக்குப் பகிரப்படும். சட்டத்தின் கீழ் மூலைகளில் ரீப்பர் தடிமனுக்கே இரண்டு கட்டைகளும் அவற்றின் மேல் ரப்பர் குமிழ்களும் வைத்துவிட்டால் பின்னால் காற்று ஓடும். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் வாங்கினாலும் தஞ்சாவூர்ப் பலகை அதைக் குடித்து வளையாது.