எண்ணெய் தடவியும் கை வறண்டே இருக்கிறதா? ஆயுர்வேதம் சொல்வதும், ஷிஃப்ட் வேலை செய்வதும்

மார்கழி, தை வந்தால் கை கால் வெளுத்துப்போய், நகத்தால் கீறினால் கோடு விழும். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிற பலருக்கு இதற்கு சீசனே கிடையாது. அக்னி நட்சத்திரத்திலும் விரல் இடுக்கில் தோல் உரியும், புறங்கை சொரசொரவென்று இருக்கும், கட்டைவிரல் ஓரம் வெடித்து எரியும். வீட்டில் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிட்டுப் படு." தடவுகிறார்கள். காலையில் பரவாயில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் மறுபடியும் அதே கை.

அப்படியென்றால் எண்ணெய் வைத்தியம் சும்மாவா? இல்லை. எண்ணெய் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் தடவுவதுதான் சிக்கல்.

தோலில் என்ன நடக்கிறது?

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள்தான் பூச்சுக் கலவை. இந்தக் கலவை இருக்கும்வரை உடம்பின் ஈரம் வெளியே போகாது, வெளியே இருக்கும் ரசாயனம் உள்ளே வராது. கலவை கரைந்தால் இரண்டும் நடக்கும். அதனால்தான் வறண்ட தோல் இழுத்துப் பிடிப்பதோடு எரியவும் செய்கிறது.

கலவையைக் கரைப்பதில் முதல் ஆள் சோப்பு. நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. இது போதாது என்று போர்வெல் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. கடின நீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து, எவ்வளவு கழுவினாலும் போகாத ஒரு படலமாகத் தோலில் தங்கிவிடும். ஹாஸ்டல் பாத்ரூம் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்குமே, அந்தத் தண்ணீர்தான்.

சோப்பு வாங்கும்போது கவரைத் திருப்பி டி.எஃப்.எம். எவ்வளவு என்று பாருங்கள். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்பின் அளவு அது. இந்தியத் தரநிலையில் முதல் கிரேடு குளியல் சோப்புக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாவதுக்கு 70, மூன்றாவதுக்கு 60. 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். எண் கூடினால் சோப்பு அமிலமாகிவிடாது, ஆனாலும் தேர்ந்தெடுக்க இது உதவும்.

வாதமும் எண்ணெயும்

ஆயுர்வேதம் வறட்சியை வாதத்தின் குணம் என்கிறது. வறட்சிக்கு எதிர்க்குணம் நெய்ப்பு. ஆகவே எண்ணெய். வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயத்தில், தினசரி ஒழுக்கம் பற்றிய அத்தியாயம் தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறது. தலை, காது, பாதம் மூன்றுக்கும் கூடுதல் கவனம். கபத் தொந்தரவு, அஜீரணம் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலாக நம்மிடம் இருக்கிறது. சித்த மருத்துவமும் எண்ணெய் முழுக்கை வலியுறுத்துகிறது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. குதிகால் வெடித்தால் நாம் 'பித்த வெடிப்பு' என்கிறோம். சுஸ்ருதரோ அதிகம் நடப்பவர்களின் பாதம் வாதத்தால் வறண்டு வெடிக்கிறது என்கிறார். நாள் முழுக்க சேஃப்டி ஷூவில் நிற்பவர்களுக்கு சுஸ்ருதர் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது.

எண்ணெய்க் குளியலில் நாம் எங்கே கோட்டை விடுகிறோம் என்றால், தேய்த்த பிறகு. அரை மணி நேரம் ஊறிவிட்டு, பிசுபிசுப்பு பிடிக்காமல் சீயக்காய் போட்டு ஒரு தடவை, சோப்பு போட்டு இரண்டு தடவை, மேலே சுடச்சுட ஹீட்டர் தண்ணீர். போட்ட எண்ணெயும் போகும், தோலின் சொந்தக் கொழுப்பும் போகும். உடம்புக்குப் பொடி தேய்ப்பதை அஷ்டாங்க ஹிருதயம் எண்ணெய்க்கு அடுத்து, தனியாகச் சொல்கிறது. கபத்தையும் கொழுப்பையும் குறைப்பது அதன் வேலை. வறண்ட தோல்காரருக்கு அது தேவையே இல்லை. பிசுக்கு எடுக்கத்தான் வேண்டும் என்றால், பச்சைப்பயறு மாவைக் கொஞ்சம் பால் விட்டுக் குழைத்து லேசாகத் தடவி அலசினால் போதும். அக்குள், பாதம் மாதிரி இடங்களுக்கு மட்டும் சோப்பு.

வாரம் ஒரு நாள் இப்படிக் குளிக்க முடிந்தால் நல்லது. முடியாதவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: குளித்துத் துவட்டிய மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே எண்ணெய். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. காய்ந்த தோலில் தடவினால் அது ஈரத்தைக் கொண்டுவந்து தராது, இருக்கும் ஈரத்தை மூடித்தான் வைக்கும். மூடுவதற்கு முதலில் ஈரம் வேண்டும் இல்லையா? ராத்திரி தடவுவதாக இருந்தாலும் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, ஒற்றி எடுத்துவிட்டுத் தடவுங்கள். பாதத்துக்கும் அப்படித்தான், மேலே பழைய காட்டன் சாக்ஸ் போட்டுக்கொண்டால் தரையில் வழுக்காது, போர்வையிலும் ஒட்டாது.

எந்த எண்ணெய்?

தேங்காய் எண்ணெய்க்கு ஆதாரம் இருக்கிறது. 2004-ல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் இரண்டு வாரம் நடந்த ஆய்வில், தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஒரே அளவுக்குப் பலன் தந்தன. 2014-ல் அதே நாட்டில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் தேங்காய் எண்ணெய் ஒரு படி மேலே வந்தது. ஆலிவ் ஆயில் நிலைமை தலைகீழ்: 2013-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் அது தோலின் பாதுகாப்பு அடுக்கைப் பலவீனப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. விலை அதிகமாக இருப்பது தோலுக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நல்லெண்ணெய் பரம்பரையாக முதலிடத்தில் இருப்பது. எள் அலர்ஜி உள்ளவர்கள் தொட வேண்டாம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெடித்த தோலில் எரியும், கைக்குழந்தைகளுக்கு ஆபத்தும்கூட.

ஆயுர்வேதத்தில் இன்னொன்று உண்டு: சததௌத கிருதம், அதாவது நூறு முறை கழுவிய நெய். செப்புப் பாத்திரத்தில் நெய்யும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீர் விட்டு, இப்படியே நூறு முறை. முடிவில் வெள்ளை வெளேரென்று க்ரீம் மாதிரி வரும், நெய் வாசமும் போய்விடும். வெடிப்புக்கு நன்றாக இருக்கும். ஆனால் எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்து யார் நூறு தடவை நெய் கழுவுவது? செய்தாலும் கெடாமல் காக்க அதில் எதுவும் இல்லை, கொஞ்சமாகச் செய்து சீக்கிரம் தீர்க்க வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் சாதா பெட்ரோலியம் ஜெல்லி கிட்டத்தட்ட அதே மூடி வேலையைச் செய்யும்.

வறண்ட தோலுக்கு வேண்டாதவை சில. முல்தானி மிட்டி எண்ணெயை உறிஞ்சும், அதற்காகவே உள்ள மண் அது. எலுமிச்சைச் சாறு எரிச்சல் தரும், தடவிக்கொண்டு வெயிலில் போனால் கறுத்துப்போகும். நலங்கு மாவு வாங்கினால் அதில் கார்போக அரிசி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள சோரலென் வெயிலோடு சேர்ந்தால் தோலில் கொப்புளம்கூட வரலாம். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை வடியவிட்டு, சோற்றை நன்றாகக் கழுவிய பிறகே தடவ வேண்டும். அந்தப் பால் அரிக்கும்.

ஷாப் ஃப்ளோரில் பிறக்கும் வறட்சி

இனி ஷிஃப்டுக்கு வருவோம். மெஷின் ஷாப்பில் ஓடும் கூலன்ட் பெரும்பாலும் தண்ணீரில் கலந்த எண்ணெய்க் குழம்பு. துரு பிடிக்காமல் இருக்க அதைக் காரத்தன்மையோடு வைத்திருப்பார்கள். கிருமி வளராமல் இருக்க மருந்தும் சேர்ப்பார்கள். எட்டு மணி நேரம் அதில் நனையும் கைக்கு, அது நாள் முழுக்க சோப்புத் தண்ணீரில் இருப்பது மாதிரிதான். கிருமி மருந்து சிலருக்கு அலர்ஜியையும் கிளப்பும். அசெம்ப்ளி பக்கம் என்றால் துடைக்கும் ஆல்கஹாலும் தின்னரும். கடைசியில் கிரீஸ் போக மண்ணெண்ணெய், பெட்ரோல், துணி துவைக்கும் பவுடர், எது கிடைக்கிறதோ அதில் கை கழுவுவது. ராத்திரி போட்ட தேங்காய் எண்ணெய் இதன் முன்னால் எவ்வளவு நேரம் தாங்கும்?

கை கழுவும் விதத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை குறையும். கிரீஸை முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து எடுங்கள். பிறகு மென்மையான லிக்விட் சோப். பிறகு ஈரத்திலேயே மாய்ஸ்சரைசர். வேலைக்கு முன்னால் மட்டும் எண்ணெய் வேண்டாம். பிடி வழுக்கும், லேடெக்ஸ் கையுறையும் எண்ணெய் பட்டால் பலவீனமாகும். கையுறைக்குள் வியர்த்து ஊறிப்போனாலும் தோல் கெடும். உள்ளே மெல்லிய காட்டன் கையுறை போடலாம், நனைந்ததும் மாற்றுங்கள். ஓடும் மெஷின், சுழலும் சக் பக்கத்தில் கையுறையே கூடாது என்ற விதி இருந்தால் அதுதான் முக்கியம்.

ஒரு சுலபமான சோதனை உண்டு. தொடர்ந்து நான்கைந்து நாள் லீவில் ஊருக்குப் போனால் கை ஆறுகிறதா? வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாளே ஆரம்பிக்கிறதா? அப்படியென்றால் காரணம் வாதமோ, மார்கழியோ அல்ல, வேலை. டாக்டரிடம் போகும்போது இதையும், எந்த ரசாயனத்தில் வேலை என்பதையும் சொல்லுங்கள். அதன் பெயர் தெரியாவிட்டால், கம்பெனியில் இருக்கும் பாதுகாப்புத் தகவல் தாளைக் (எம்.எஸ்.டி.எஸ்.) கேளுங்கள். அலர்ஜி சந்தேகம் இருந்தால் முதுகில் பட்டை ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள்.

ரசாயனம், பெயின்ட் நேரடியாகப் பட்டு வரும் தோல் அழற்சி, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. சிகிச்சை தரும் டாக்டரும் கம்பெனி மேனேஜரும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பணத்திலும் வித்தியாசம் உண்டு: இ.எஸ்.ஐ.-யில் சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வேலையால் வந்த பாதிப்பு என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் வேலை போய்விடுமோ என்று இதை வெளியே சொல்வதில்லை. குறைந்தபட்சம் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெயை நிறுத்த வேண்டிய நேரம்

வட்டமாக, ஓரம் சிவந்து அரித்தால் அது வறட்சி இல்லை, படர்தாமரையாக இருக்கலாம். தேமலும் எண்ணெயில் அதிகமாகும். இந்த இரண்டுக்கும் மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்குவதுதான் பெரிய ஆபத்து. பல கலவை க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு அடங்கும், படர்தாமரை உள்ளே பரவும். 2018 முதல் இவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை.

இன்னொன்று, வெளிறி வறண்டு, தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல். அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். முழுமையாகக் குணமாகும், மருந்து இலவசம், ஆனால் தாமதிக்கக் கூடாது. செங்கல்பட்டு திருமணியில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. 1924-ல் லேடி வில்லிங்டன் மருத்துவமனையாகத் தொடங்கிய இடம் அது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம்.

சித்த மருத்துவமே வேண்டும் என்பவர்களுக்கு மறைமலை நகர் காமராஜர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். அங்கே 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அருகன் தைலமா, வெட்பாலை தைலமா என்று நாமே முடிவு செய்து வாங்காமல், அங்கே கையைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். போகும்போது எந்த மெஷினில் வேலை என்பதை அங்கேயும் மறக்காமல் சொல்லுங்கள்.