பழைய ஐகானுக்கு ஹெடர்... சத்தம் கூடும், வேகம் கூடுமா?

ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் பழைய ஃபோர்டு ஐகான் நிற்கிறது என்றால், அது பிறந்த வீட்டை விட்டு அதிக தூரம் போகவில்லை. ஜி.எஸ்.டி ரோட்டில் தெற்கே திரும்பி கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் தாண்டினால் மறைமலை நகர். 1999 நவம்பரில் அறிமுகமான ஐகான் அங்கிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில்தான் தயாரானது. இந்தியாவை மனதில் வைத்து ஃபோர்டு உருவாக்கிய முதல் கார் அது. விளம்பரத்தில் வைத்த செல்லப் பெயர் ‘ஜோஷ் மெஷின்’. அதிலும் 1.6 லிட்டர் ராக்கம் பெட்ரோல் எஞ்சின் வைத்த ஐகானை ஓட்டியவர்கள், அந்தப் பேச்சை ஆரம்பித்தால் இன்றும் லேசில் நிறுத்த மாட்டார்கள். சுமார் 92 குதிரைத்திறன். இன்றைக்கு இது சாதாரண எண். மாருதி 800-தான் குடும்பக் கார் என்றிருந்த தெருக்களில் அன்றைக்கு அது ராக்கெட். பெட்ரோலையும் ராக்கெட் மாதிரியே குடிக்கும் என்பது தனிக்கதை.

2011-ல் ஐகான் உற்பத்தி நின்றது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலை நகரும் அடங்கியது. ஆனால், செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் ஐகானும், அதற்குப் பின் அதே ஊரில் தயாரான ஃபியஸ்டா 1.6 எஸ்ஸும் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பைக் விலைக்கு ஒரு வேகமான கார் என்றால் கல்லூரி முடித்த பையன்களுக்குக் கசக்குமா? வாங்கி ரெண்டு மாதம் ஆனதும் வீட்டில் இந்தப் பேச்சு வரும்.

“அப்பா, ஒரு ஹெடர் மட்டும் போட்டுக்கிறேன்ப்பா.”

“ஓடுற வண்டிக்கு அது எதுக்குடா?”

அப்பா கேட்பது நியாயமான கேள்விதான். பதில் மட்டும் கொஞ்சம் நீளம்.

பந்தி முடிந்த மண்டபம்

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து முடிந்ததும் சூடான புகை வெளியேற வேண்டும். நான்கு சிலிண்டர் காரில் நான்கு வாசல்கள். அந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்து சைலன்சருக்குப் போகும் குழாயில் விடுகிற பாகம்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. பழைய கார்களில் பெரும்பாலும் இது வார்ப்பிரும்பில் செய்த குட்டையான கனத்த கட்டி. செலவு குறைவு, வருஷக்கணக்கில் உழைக்கும், சத்தத்தையும் அடக்கும். குறை என்னவென்றால், கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் எல்லோரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு வெளியேறுகிற மாதிரி, நான்கு சிலிண்டர் புகையும் குறுகலான இடத்தில் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும்.

ஹெடர் என்பது அந்தக் கட்டிக்குப் பதிலாக மாட்டுகிற நான்கு நீளமான, வளைந்த ஸ்டீல் குழாய்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி. நான்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம். வழி தாராளமாகிறது என்பது பாதிக் கதைதான். மீதியைப் புரிந்துகொள்ள ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் போனால் போதும். நிற்காமல் பாய்கிற எக்ஸ்பிரஸ், பிளாட்ஃபாரத்தில் கிடக்கிற காகிதத்தைத் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகுமல்லவா? ஒரு சிலிண்டரின் புகை குழாயில் வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறையும். அந்தக் குறைவு சரியான நொடியில் அடுத்த சிலிண்டரின் வாசலுக்கு வந்து சேர்ந்தால், அங்கே தங்கியிருக்கும் புகையையும் உறிஞ்சி எடுத்துவிடும். காலியான இடத்தில் புதுக் காற்று கூடுதலாக நுழையும். குழாயின் நீளமும் விட்டமும் இதற்காகத்தான் கணக்குப் போட்டுச் செய்யப்படுகின்றன. கணக்கில்லாமல் பெரிய குழாயாகப் போட்டால் புகையின் வேகம் குறைந்து, சிக்னலில் இருந்து கிளம்பும்போது இருந்த இழுவையும் போய்விடும்.

கடைக்காரர் ‘4-2-1 வேணுமா, 4-1 வேணுமா?’ என்று கேட்பதும் இந்தக் கணக்கைத்தான். முதல் வகையில் 1, 4 சிலிண்டர்களின் குழாய்கள் ஒரு ஜோடி. 2, 3 ஒரு ஜோடி. பிறகு இரண்டும் ஒன்றாகும். நடுத்தர வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும் என்பதால் ஊருக்குள் ஓடுகிற காருக்கு இதுதான் பொருந்தும். நான்கும் ஒரே இடத்தில் சேருகிற 4-1, எஞ்சினை எப்போதும் உச்சத்தில் வைத்து ஓட்டுகிற பந்தயக்காரர்களுக்கு. பெருங்களத்தூர் டிராஃபிக்கில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, எவ்வளவு கூடும்? டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சினில் ஹெடர் மட்டும் போட்டால் ஒற்றை இலக்கக் குதிரைத்திறன் கிடைப்பதே பெரிது. ஏர் ஃபில்டர், பின்னால் உள்ள குழாய், எஞ்சினின் கம்ப்யூட்டரில் எரிபொருள் அளவு என எல்லாம் சேர்ந்து மாறினால்தான் முழுப் பலன். டைனோ மெஷினில் முன்னும் பின்னும் ஏற்றி அளந்து பார்க்காதவரை, ‘வண்டி பறக்குது’ என்பது பெரும்பாலும் காது சொல்கிற பொய். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மூளை நம்பிவிடும்.

உடைகிற ஸ்டட், கசிகிற புகை

வேலை என்று பார்த்தால் இது பார்ப்பதற்குத்தான் சுலபம். நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற விஷயம் இல்லை. இருபது வருஷமாகச் சூடேறி ஆறிய ஸ்டட்கள் எஞ்சின் ஹெட்டோடு ஒட்டிப்போயிருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் முந்தின நாளே துருவை இளக்குகிற ஆயிலை அடித்து ஊறவிட்டுவிடுவார். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் ஸ்டட் பாதியில் முறியும். முறிந்த துண்டைத் துளை போட்டு எடுப்பதற்குள் ஒரு நாள் போகும். சில சமயம் ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்கும். ஹெடரின் விலையைவிட இந்தச் செலவு அதிகமாகிவிடுவதும் உண்டு.

பழையது கழன்றதும் ஹெட்டின் முகப்பைச் சுத்தமாகச் சுரண்டி, புது கேஸ்கெட் வைக்க வேண்டும். ‘பழசே நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக முறுக்க வேண்டும். ஒரு ஓரத்தை முதலில் இறுக்கிவிட்டால் மறு ஓரம் சரியாக உட்காராது. ஹெடரின் பட்டை நேராக இருக்கிறதா என்று மாட்டும் முன்பே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. வெல்டிங் சூட்டில் வளைந்த ஹெடர்கள் நிறைய வருகின்றன. குழாய்க்குப் பக்கத்தில் வயரோ, ரப்பர் ஹோஸோ போகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். எஞ்சினை அழுத்தி ஓட்டும்போது புகையின் சூடு 700 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும். பிறகு சில நாள் ஓட்டி, சூடேறி ஆறிய பின் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

விட்டால் என்ன ஆகும்? கேஸ்கெட் ஓரத்தில் புகை கசியும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ‘டிக் டிக்’ என்ற சத்தம் வரும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. பானெட்டுக்குள் கசிவது ஏ.சி காற்று எடுக்கும் வழியாகவோ, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள இடுக்குகள் வழியாகவோ உள்ளே வரலாம். பின் சீட்டில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு ஊருக்குப் போகிற காரில் இது விளையாட்டு இல்லை. ஓட்டும்போது தலைவலி, மயக்கம் என்றால் உடனே கண்ணாடிகளை இறக்கி, வண்டியை ஓரங்கட்டி, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

அடுத்தது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புது பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம். தேன்கூடு மாதிரியான பீங்கான் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். கார்பன் மோனாக்ஸைடையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது இதன் வேலை. பிறகு வந்த பல கார்களில் இது மேனிஃபோல்டுடனேயே சேர்ந்து வருகிறது. அந்தக் கார்களில் மேனிஃபோல்டைக் கழற்றி ஹெடர் போட்டால் கன்வெர்ட்டரும் கூடவே போய்விடும். ஆக்ஸிஜன் சென்சார் குழம்பி, செக் எஞ்சின் விளக்கு எரியும். புகைச் சான்று எடுக்கப் போகும் இடத்தில் வண்டி மாட்டிக்கொள்ளும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. மைல்டு ஸ்டீல் ஹெடர் விலை குறைவுதான். கோவளம், மாமல்லபுரம் உப்புக் காற்றில் அது சீக்கிரமே துருப்பிடிக்கும். சூடு தெரியாமல் இருக்க மேலே துணி மாதிரி சுற்றுகிற ‘ஹீட் ராப்’, மழைநீரையும் ஈரத்தையும் பிடித்துவைத்துத் துருவை இன்னும் வேகப்படுத்தும். ஈ.சி.ஆரில் அடிக்கடி ஓடுகிற கார் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுவும் ஆர்கான் வெல்டிங் செய்தது தாங்கும். காசு மட்டும் கூட.

போலீஸ் கை காட்டினால்...

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் மாறுபடும் அளவுக்கு வாகனத்தை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். ‘ஹெடர் ஆர்.சி-யில் எழுதுகிற விஷயமே இல்லையே’ என்று வாதாடலாம். ஆனால், அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத வகையில் உதிரிபாகம் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. சத்தம், புகை வரம்பை மீறினால் 190-வது பிரிவு வேறு காத்திருக்கிறது: 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். விபத்து நடந்து க்ளெய்ம் கேட்கும்போது, இன்ஷூரன்ஸ் நிறுவனம் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் கேள்வி கேட்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

‘புதுசா ஒரு டர்போ கார் வாங்கி அதுக்குப் போட்டுக்கிறேன்’ என்று பையன் சொன்னால் அப்பாவிடம் ஒரு நல்ல பதில் இருக்கிறது. மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில், மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் 1 லிட்டர் டி.எஸ்.ஐ எஞ்சினிலும் அப்படித்தான். கழற்றுவதற்கே ஒன்றும் இல்லை. அந்தச் செலவை நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

ஹெடரின் உண்மையான சுகம் தெரிகிற இடம் ஊரப்பாக்கத்திலிருந்து தூரம் இல்லை. ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய காலத்துக்குப் பிறகு இங்கே 1990-ல் சொந்த டிராக்கைத் திறந்தது. சுற்று நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். எஞ்சினை உச்சத்திலேயே வைத்து ஓட்டினாலும் எதிரே ஷேர் ஆட்டோ வராது. பக்கத்து வீட்டுத் தாத்தா எழுந்து வந்து திட்டவும் மாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் ஐகானுக்கு ஹெடர் போட்டே தீருவேன் என்றால், கழற்றிய பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி பரணில் வைத்துவிடுங்கள். கடைசி பேட்ச் ஐகான்களுக்கே 15 வருஷம் ஆகிறது. பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு அதுதான் தேவைப்படும். இன்னொன்று கிடைப்பது கஷ்டம். மறைமலை நகர் ஆலையில் 2029 முதல் எஞ்சின் தயாரிக்கப்போவதாக ஃபோர்டு அறிவித்திருக்கிறது. அது புதுத் தலைமுறை எஞ்சின்; ஐகானுக்கு அதிலிருந்து ஒரு நட்டுகூட வராது.