சைக்கிளுக்கு ஒரு கோடு போதாதா?

பென்கூலன் ஸ்திரீட் பக்கம் நீங்கள் போயிருந்தால் கவனித்திருப்பீர்கள். நகரின் நடுவே இருக்கும் சாலை. ஆனால் வாகனங்களுக்கு இரண்டே தடங்கள், அதில் ஒன்று பேருந்துத் தடம். முன்பு அங்கு நான்கு தடங்கள் இருந்தன. டௌன்டவுன் பாதையின் எம்ஆர்டி நிலையத்தைக் கட்டிய பிறகு சாலை பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. 2017ல் மீண்டும் திறந்தபோது, பாதி இடம் அகலமான நடைபாதைக்கும் சைக்கிளோட்டப் பாதைக்கும் போய்விட்டது.

“இரண்டு தடங்களை வீணாக்கிவிட்டார்களே, சார்? ஓரத்தில் ஒரு கோடு போட்டால் போதாதா?” என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலைக் கணக்கிலேயே பார்ப்போம்.

இயக்க ஆற்றலின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 12 டன் பேருந்து மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வருகிறது. நீங்களும் உங்கள் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ, வேகம் மணிக்கு 15 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆற்றல் சுமார் 650 ஜூல். பேருந்துக்கோ 11 லட்சம் ஜூலுக்கும் மேல். ஏறக்குறைய 1,800 மடங்கு! நடுவில் இருப்பது வெறும் சாயக்கோடு என்றால், ஓட்டுநரின் ஒரு நொடிக் கவனக்குறைவை அது தடுக்காது. மேடாகக் கட்டிய விளிம்புக்கல் தடுக்க முயலவாவது செய்யும்.

அதோடு, நகருக்குள் பேருந்தும் சைக்கிளும் ஒன்றையொன்று விடுவதே இல்லை. பேருந்து உங்களை முந்துகிறது. அடுத்த நிறுத்தத்தில் நிற்கிறது. நீங்கள் அதன் வலப்பக்கம் விலகி முந்துகிறீர்கள். அது மறுபடி உங்களைத் தாண்டி, அடுத்த நிறுத்தத்துக்காக இடப்பக்கம் ஒதுங்குகிறது, சரியாக நீங்கள் இருக்கும் இடத்துக்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே கண்ணாமூச்சிதான். நானும் ஆடியிருக்கிறேன், முதுகில் வியர்வை வழிந்தது வெயிலால் மட்டும் அல்ல.

அதனால்தான் சைக்கிள் பாதையைப் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்புறமாகக் கொண்டுபோகிறார்கள். பேருந்து தொல்லை தீர்ந்தது. ஆனால் இப்போது பேருந்துக்கு ஓடுகிறவர்களும் இறங்கி வருகிறவர்களும் உங்கள் பாதையைக் கடப்பார்கள். இங்கே 1,800 மடங்கு ஆற்றல் உள்ளவர் நீங்கள் இல்லை என்றாலும், கையில் காய்கறிப் பையோடு வரும் பாட்டிக்கு நீங்கள்தான் பேருந்து. சைக்கிளோட்டப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ.; நடைபாதையில் 10. இடையே இருப்பது இரண்டரை மடங்குதானே என்று நினைக்காதீர்கள். வர்க்கம் போட்டால் ஆற்றல் ஆறு மடங்குக்கும் மேல் குறைகிறது. நிறுத்தத்தை நெருங்கும்போது பிரேக்கைத் தொடுவது அவ்வளவு பலன் தரும்.

தனிப் பாதையாலும் தீராத இடம் ஒன்று உண்டு: சாலைச் சந்திப்பு. அங்கே தடுப்பு முடிந்துவிடும். இடப்பக்கம் திரும்பும் நீண்ட பேருந்தின் பின்சக்கரம், முன்சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர் என்றும், முன்சக்கரம் 12 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றும் கொள்ளுங்கள். பித்தகோரஸ் தேற்றப்படி பின்சக்கரத்தின் ஆரம் சுமார் 10.4 மீட்டர். அதாவது, முன்சக்கரம் உங்களைத் தொடாமல் போன பிறகும், பின்சக்கரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் உங்கள் பக்கம் நெருங்கி வரும். ஓட்டுநர் கண்ணாடியில் நீங்கள் தெரியாமலும் போகலாம். திரும்பக் காத்திருக்கும் பேருந்தின் இடப்பக்கம் நிற்காதீர்கள், பின்னால் நில்லுங்கள்.

நம்பிக்கை வரவில்லையா? மழை விட்டதும், வண்டிகள் இல்லாத இடத்தில் சைக்கிளை ஒரு குட்டை நீர் வழியாக ஓட்டி, காய்ந்த தரையில் மெதுவாக வளையுங்கள். இறங்கித் தடத்தைப் பாருங்கள். இரண்டு ஈரக்கோடுகள் இருக்கும். உள்ளே இருப்பது பின்சக்கரத்தின் கோடு.